வலப்பக்கத்தில் ஓர் எதிர்மரை

மூன்றாம் வளைவின் மஞ்சள் பலகை சன்னலைக் கடந்தபோது தெய்வானை தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே விசாரித்துக்கொண்டிருந்தாள். நேற்று மாலை ஐந்தரை மணிக்கு நீ என்ன செய்தாய்? கட்டைவிரலின் அடியில் கறுப்பு மசகு ஒரு பிறையாகப் படிந்திருந்தது. சைக்கிள் பட்டறை வைத்த இருபத்தாறு வருடமாக எந்தச் சோப்புக்கும் அசையாத பிறை. கொல்லிமலைக்கு எழுபது வளைவுகள், மூன்று முடிந்தது. பூங்கோதை அடிவாரத்திலிருந்து ஆறே முக்காலுக்குச் சைக்கிளில் கிளம்பியிருப்பாள். இப்போது எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. ஒரு மணி நேரம் முந்திவிட்டாள். ஆனாலும் சைக்கிள்தானே, மேட்டில் நடப்பவரைவிடச் சற்று வேகமாகப் போகும், அவ்வளவுதான். பேருந்து பிடித்துவிடும், பிடித்தே ஆகவேண்டும், நாற்பத்திரண்டாம் வளைவுக்கு முன்னால் பிடித்துவிட்டால் போதும். கடைசிக் கியரை அவள் நாற்பத்திரண்டில்தான் போடுவாள். கால்களுக்கு மிகவும் இலகுவான அந்தக் கியரை அதுவரை தொடுவதில்லை என்பது அவளுடைய வீம்பு. கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிற பெண்ணுக்கு இப்படி ஒரு வீம்பு எங்கிருந்து வந்தது? நாற்பத்தொரு வயதில், கணவனின் தங்கை, நாத்தனார் என்ற முறைக்காரி, மாதம் இருமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மலையைச் சைக்கிளில் ஏறுகிறாள். ஏறிவிட்டு வந்து ஏதோ கடைத்தெருவுக்குப் போய்வந்ததுபோலச் சொல்கிறாள். "நாப்பத்திரண்டு வரைக்கும் கடைசி கியரு எனக்கு இல்லைன்னே நெனச்சுக்குவேன் அண்ணி. அப்பறம் போட்டம்னா, ஆகா, யாரோ பின்னால புடிச்சுத் தள்ளறாப்பல இருக்கும்." தள்ளும். இன்று யார் தள்ளுவார்கள், எந்தப் பக்கம் தள்ளுவார்கள்? நான்காம் வளைவு. தொலைபேசியை எடுத்து மறுபடியும் அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அதே குரல், அதே நிதானம்.

நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்ப்பதுதான் முறை. வெள்ளிக்கிழமை பூங்கோதையின் சைக்கிள் நூலக வாசலில் சாய்ந்து விழுந்தது. வலப்பக்கம் விழுந்ததால் டீரெயிலர் அடிபட்டது. பின்சக்கரத்தின் ஓரம் தொங்கி, சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளிக்கொடுக்கிற கை அது. கை பிழைத்துக்கொண்டது, கையைச் சட்டத்தோடு பிணைக்கிற ஹேங்கர் வளைந்துவிட்டது. வளைய வேண்டியதுதான் அது. பெரிய அடி விழுந்தால் சட்டம் முறியாமல் தான் முறிவதற்காகவே வைக்கப்பட்ட சிறு துண்டு. சனிக்கிழமை மாலை தெய்வானை பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். அந்தப் பெரிய போல்ட்டை இடப்பக்கமாகத்தான் திருப்பி ஏற்றினாள். வேறு விதத்தில் அது ஏறவே ஏறாது. இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சு வைத்து, டக்கென்று சத்தம் வரும்வரை முறுக்கினாள். அதுவரை எல்லாம் சரி. அதன் பிறகு பூங்கோதை வந்தாள், ஏதோ பேசினாள், கல்லூரி முதல்வர் நூலகத்திலேயே தூங்கிவிட்ட கதை, தெய்வானை சிரித்தாள். சிரித்தபடியே துணியால் சட்டத்தைத் துடைத்தாள். சிரித்தபடியே கடைசி முறுக்கு. அங்கேதான் நினைவு தட்டி நின்றது. அவள் கடையிலிருந்து எந்த வண்டியும் கடைசி முறுக்கு இல்லாமல் வெளியே போனதில்லை. ஒவ்வொரு போல்ட்டின் துளையிலும் ஆறுபட்டை ஆலன் கீயை வைத்து, வலப்பக்கமாக ஒரு இழுப்பு. ஒரு விரற்கடை அசைந்தாலும் அது தளர்வு, அசையாவிட்டால் வண்டி போகலாம். நாமக்கல்லில் இதை அறியாத சைக்கிள்காரர் இல்லை. தெய்வானையக்கா கடைசியா ஒரு முறுக்கு முறுக்கிட்டாங்கன்னா கடப்பாறை வெச்சாலும் அசையாதுங்க என்பார்கள். அந்தக் கடைசி முறுக்கில் எட்டு மில்லிமீட்டர் கீ எதையோ அசைத்தது. அசைத்ததா? இப்போது கைக்கு அப்படித் தோன்றுகிறது. வெண்ணெயில் கத்தி இறங்குகிறாற்போல ஒரு சிறு இளக்கம், பிறகு நின்றது, நின்றதும் அவள், ஆங், இப்போது உட்கார்ந்துவிட்டது, என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தாளா? இன்று காலை ஆறரைக்கு, புது ஹேங்கரின் பெட்டிக்குள் வந்த காகிதத்தை அடுக்கி வைக்கப் பிரித்தபோது, அதில் வரைந்திருந்த அம்பு இடப்பக்கம் திரும்பியிருப்பதைக் கண்ட பிறகுதான் அப்படி நினைத்ததாகத் தோன்றுகிறதோ? எதிர்மரை. இடப்பக்கம் திருப்பினால் இறுகும். வலப்பக்கம் திருப்பினால் கழலும். காகிதம் கையில் இருக்கும்போதே பூங்கோதையை அழைத்தாள், அப்போதே தொடர்பு கிடைக்கவில்லை.

"எங்க எறங்கோணுங்க்கா?" என்று நடத்துனர் தலைக்கு மேலே கேட்டார். தெய்வானை சன்னலுக்கு வெளியே மேலே கை காட்டினாள். "மேல சைக்கிள் ஒண்ணு போவுதுங்க. அது எங்க இருக்குதோ அங்க." நடத்துனர் பேருந்து முழுவதையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "ஏனுங்க்கா, நாங்க ஸ்டாப்பிங்கு ஊர்ல வெச்சிருக்கறமுங்க, சைக்கிள் மேலயா வெச்சிருக்கறோம்? ஓட்டிட்டுப் போறது யாரு, வூட்டுக்காரருங்களா? கோவிச்சுட்டுப் போயிட்டாரா?" பின் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். "என் நாத்தனா," என்றாள் தெய்வானை. "அப்பச் செரி, கோவிச்சுட்டு வந்தது நீங்கதான்," என்று சொல்லிவிட்டு மலைமேல் இருக்கிற செம்மேட்டுக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் சிரிக்காததைக் கண்டு கொஞ்சம் குனிந்து, "பாத்தாச் சொல்லுங்க, விசில் குடுக்கறேன். வளைவுல மட்டும் நிறுத்த மாட்டாரு டிரைவரு," என்றார். பக்கத்து இருக்கைக்காரி, புதுச்சேலை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெண், இடுப்புப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள். "வாந்தி வருதா? மூஞ்சி வெளுத்துக் கெடக்குது. மோந்துக்க. எம்மேல மட்டும் எடுத்துராத, இன்னைக்கு எங்க அண்ணன் மகளுக்குச் சீரு." தெய்வானை பழத்தை வாங்கிக்கொண்டாள். தோலின் மணம் மூக்கில் ஏறியது, ஏறி, பயத்தின் மேல் உட்கார்ந்தது, பயம் நகரவில்லை.

பன்னிரண்டு. பதின்மூன்று. ஓட்டுநர் சக்கரத்தை முழுவதுமாக ஒடித்துத் திருப்புகிறபோது பேருந்தின் முகம் ஒரு கணம் வெறும் வானத்தைப் பார்த்தது. ஹேங்கரில் எத்தனை விதம் பார்த்தாயிற்று. அத்தனையும் கற்றவளுக்கா இது நேரவேண்டும்? அவள் தொழிலுக்கு வந்த காலத்தில் ஹேங்கர் என்பது ஒரு தகட்டுக் கொக்கி. அச்சின் நட்டுக்கு அடியில் அதைக் கொடுத்து இறுக்கினால் முடிந்தது. பிறகு சட்டத்தோடு சேர்ந்தே ஒரு இரும்புக் காது வந்தது, வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். அதன்பின் அலுமினியச் சட்டங்கள் வந்தன. நிமிர்த்தினால் ஒடிகிற உலோகம், ஆகவே கழற்றி மாற்றுகிற துண்டு. அப்போது பிடித்தது சனி. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வடிவம், ஒரே கம்பெனிக்கு ஆண்டுக்கு ஒரு வடிவம், ஒன்றில் இரண்டு துளை, ஒன்றில் ஒன்று, ஒன்று உள்ளிருந்து பிடிக்கும், ஒன்று வெளியிலிருந்து. டீரெயிலர் ஏறுகிற துளை மட்டும் எல்லாவற்றிலும் பத்து மில்லிமீட்டர். அது ஒன்றுதான் உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. அவற்றில் நூற்றுப் பதினான்கு வகைகளைச் சிறு டப்பாக்களில் போட்டு, மேலே படம் வரைந்து ஒட்டி வைத்திருக்கிறாள். டீரெயிலரின் இணைப்புத் துண்டையே எடுத்துவிட்டு நேரடியாகப் பூட்டுகிற வகை வந்தது, அதையும் கற்றாள். அப்புறம் இந்தப் பொது ஹேங்கர்: எல்லாச் சட்டத்துக்கும் ஒரே வடிவம், முன்னாலிருந்து அடிபட்டால் முறியாமல் பின்னால் சற்றுத் திரும்பிக் கொடுத்துத் தப்பிக்கும் புத்திசாலி. ஹேங்கரே இல்லாமல் டீரெயிலர் அச்சையே கவ்விக்கொள்கிற வகையும் இப்போது வந்துவிட்டது. எல்லாவற்றையும் அவள் படித்துத்தான் செய்தாள், கேள்விப்பட்டுச் செய்யவில்லை. எதிர்மரை தெரியாதவளா அவள்? சைக்கிளின் இடது மிதிக்கட்டை எதிர்மரை. தகப்பனின் லாரிப் பட்டறையில் பழைய லாரிகளின் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்மரை; பத்து வயதில் நெம்புகோலில் ஏறி நின்று மிதித்துக் கற்றது அது. இடப்பக்கத்துக்கு இடம், வலப்பக்கத்துக்கு வலம். இந்த ஒரு விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் கை சொல்லும். டீரெயிலர் இருப்பதோ வலப்பக்கம். வலப்பக்கத்தில் இடத்துக்குத் திரும்புகிற மரையை ஒருவன் வைப்பான் என்று நாமக்கல்லில் பிறந்த கைக்கு எப்படித் தெரியும்? மூளைக்குத் தெரிந்திருந்தது. ஏற்றும்போது மூளை ஏற்றியது. கடைசி முறுக்கைக் கை முறுக்கியது.

இருபத்தொன்றில் ஒரு வியூ பாயிண்ட், இளைஞர்கள் சிலர் கைகளை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், சைக்கிள் இல்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறதே, அதையும் யோசிக்க வேண்டும். ஒன்றுமே ஆகியிருக்காது. கை அசைத்திருக்காது, அசைத்ததாக இந்தக் காகிதம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அப்படியே தளர்ந்திருந்தாலும் சக்கரத்தின் அச்சு அதை ஊடுருவிப் போகிறது, கழன்று விழ வழியில்லை. விழாது, ஆனால் ஆடும். ஒரு மில்லிமீட்டர் உள்ளே சாய்ந்தால் போதும். சின்னப் பல்சக்கரங்களில் ஒன்றும் தெரியாது. கடைசியில், பெரியதில், டீரெயிலரின் கூண்டு சக்கரக் கம்பிகளுக்கு ஒரு விரல் தொலைவில் ஓடுகிறது. கம்பி கூண்டைப் பிடிக்கும். பிடித்தால் சக்கரம் அந்த இடத்திலேயே நிற்கும். நின்றால், பூங்கோதையின் காலணி அடியில் இருக்கிற தகடு மிதிக்கட்டையோடு பூட்டிக்கொண்டிருக்கிறது. குதிகாலை வெளியே திருப்பினால்தான் கழலும். எதிர்பாராமல் நிற்கிறவளுக்குக் குதிகாலைத் திருப்ப எங்கே நேரம்? சாய்வாள். இடப்பக்கம் சாய்ந்தால் கைப்பிடிச் சுவர். வலப்பக்கம் சாய்ந்தால் சாலை. சாலையில் மேலிருந்து காப்பியும் சவுக்குக் கட்டையும் ஏற்றிக்கொண்டு வளைவை அறுத்து இறங்குகிற லாரி. அந்த லாரி தகப்பனின் பட்டறையில் கூடு கட்டியதாகக்கூட இருக்கலாம். ஏன் இப்படியெல்லாம் தோன்றுகிறது? தெய்வானை எலுமிச்சம்பழத்தில் நகத்தை அழுத்தினாள். கணவர் ஒரே மோட்டார் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு ராசிபுரம் போயிருந்தார். போனில், "நீயா தப்பா மாட்டுன? போ புள்ள, உனக்குக் காலைலயே பித்தம் ஏறிருச்சு," என்று சிரித்தார். அவர் சிரித்தது அவளுக்கு ஆறுதலாக இல்லை; அவமானமாக இருந்தது; பின்பு அந்த அவமானத்தின் அடியிலிருந்து ஒரு யோசனை தலைநீட்டியது. பூங்கோதையைப் பிடித்ததும், மலைக்கோயில் அறப்பளீசுவரரைக் கும்பிட வந்தேன், வழியில் உன்னைப் பார்த்தேன், வண்டியைக் காட்டு, சும்மா ஒரு பார்வை, என்று சொல்லிவிட்டால் என்ன? ஒரு நிமிடம். கீயை வைத்து இடப்பக்கம் ஒரு திருப்பு. யாருக்கும் தெரியவேண்டியதில்லை. இந்த யோசனை எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு வரிசையாக வந்தது என்பதைக் கண்டு அவள் இன்னும் பயந்தாள். ஒருத்தி அங்கே விழுந்து கிடக்கலாம். இவள் இங்கே சொல்ல வேண்டிய பொய்யின் மரையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள்.

முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. காது அடைத்துத் திறந்தது. நாற்பதில் ஒரு சைக்கிள் தெரிந்து பாதி எழுந்தாள். பலாப்பழம் கட்டிய யாரோ ஒரு கிழவருடையது, தள்ளிக்கொண்டு நடந்தார். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டாம் பலகையை அவள் எதிர்பார்த்துக்கொண்டே இருந்ததனால் அது வந்தபோது வாசிக்க முடியவில்லை. எண்கள் கலங்கித் தெரிந்தன. சாலை வெறிச்சோடிக் கிடந்தது. கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு குரங்கு எதையோ உரித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் அவள் தாண்டிவிட்டாள். தாண்டிவிட்டாள் என்றால் போட்டுவிட்டாள். நாற்பத்து மூன்றாம் வளைவுக்கு முன் பேருந்து நின்றது. முன்னால் இரண்டு கார்கள் நின்றிருந்தன, ஆட்கள் இறங்கி நின்றார்கள், ஒருவர் கையை ஆட்டி எதையோ காட்டினார். தெய்வானை முன் இருக்கையின் கம்பியைப் பிடித்தாள். எழுந்தாள். "என்னுங்க? என்ன ஆச்சு முன்னால?" என்று கேட்டாள். நடத்துனர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அத்தனை நேரமும் அவளுக்குப் பூங்கோதையின் மஞ்சள் சட்டை தெரிந்தது, சாலையில், கசங்கிய துணியாக; அதன் பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிற முன்சக்கரம்; பின்சக்கரம் சுற்றவில்லை. "லாரி ஒண்ணு திரும்ப முடியாம ரிவர்ஸ் எடுக்கறானுங்க்கா. புது டிரைவராட்டம் இருக்குது," என்றார் நடத்துனர். "உக்காருங்க. உங்க நாத்தனா சைக்கிளுக்கு லாரி எல்லாம் ஒரு தடையா?" மலைக்காரப் பெண் தெய்வானையின் முழங்கையைப் பிடித்து இருக்கையில் அமர்த்தினாள்.

நாற்பத்தாறாம் வளைவைத் தாண்டிய ஏற்றத்தில் மஞ்சள் சட்டை தெரிந்தது. நிமிர்ந்து, இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்துக்கொண்டு, இடமும் வலமுமாக அசைந்தபடி. உயிரோடு. கூப்பிடத் திறந்த வாயைத் தெய்வானை மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், பார்க்கிறபோது விரல் பதறிக் கியரைத் தட்டினால்? பேருந்து ஒலி எழுப்பி அவளைக் கடந்தது; கடக்கிற அந்த இரண்டு நொடியும் அவள் கண்களை மூடிக்கொண்டிருந்தாள். விசில். ஐம்பது கெஜம் மேலே இறக்கிவிட்டார்கள். "சண்ட போடாதீங்க்கா," என்று நடத்துனர் கத்திவிட்டுப் போனார். தெய்வானை சாலையோரத்தில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். பூங்கோதை வந்து, குதிகாலைத் திருப்பி, காலை ஊன்றினாள். வேர்வை சொட்டியது. "அண்ணி! என்ன, வூட்டுல யாருக்காச்சும்..." "யாருக்கும் ஒண்ணுமில்ல. வண்டிய விட்டு எறங்கு." "மொதல்ல சொல்லுங்க." அறப்பளீசுவரர் நாக்கின் நுனிவரை வந்தார். "நேத்து நான்தான் அந்த ஹேங்கரைக் கழட்டி விட்டுட்டேன்," என்றாள் தெய்வானை. "கடைசி முறுக்கை மாத்தி முறுக்கிட்டேன். கடைசி கியரைப் போட்டயா?" பூங்கோதை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "போட்டேன். கரகரன்னுச்சு. நாந்தான் செரியாப் போடலைன்னு எறக்கி மறுபடி போட்டேன். அப்பவும் கரகரன்னுச்சு. நாலு தடவ போட்டுப் பாத்தேன் அண்ணி. நீங்க மாட்டுனதாச்சே, உங்க கையி தப்புப் பண்ணாது, எம்பட விரல்லதான் ஏதோ கோளாறுன்னு."

நாலு தடவை. தெய்வானை பின்சக்கரத்தைக் கழற்றினாள். கூண்டின் உட்பக்கம் நான்கு வெள்ளிக் கீறல்கள், நகத்தால் கீறினாற்போலப் பளபளத்தன. ஹேங்கரைச் சுண்டுவிரலால் தொட்டாள், அது அசைந்தது. பையிலிருந்து கீயை எடுத்தாள், துளையில் வைத்தாள், கை நின்றுவிட்டது. எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும், காகிதம் மனப்பாடம், ஆனாலும் கை தானாக வலப்பக்கம் சாயத் தொடங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள். கீயைப் பூங்கோதையிடம் கொடுத்தாள். "நீ திருப்பு. இடப்பக்கம்." "நானா?" "திருப்புன்னு சொன்னேன்." பூங்கோதை திருப்பினாள். ஏறக்குறைய முக்கால் சுற்று போய்த்தான் நின்றது. இன்னொரு முறை அழுத்தினாள், அசையவில்லை. "ஆச்சுங்க அண்ணி. இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க? நீங்க ஒரு போன் போட்டு..." என்று ஆரம்பித்து, தன் தொலைபேசியில் ஒரு கோடும் இல்லாததைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு கீயைத் திருப்பித் தந்தபடி, வெறும் பேச்சாக, "வேற வண்டி எதுக்காச்சும் இந்த ரகம் மாட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

மலையேறி வந்த ஒரு மணி நேரத்தில் தெய்வானை நாற்பத்தாறு வளைவுகளையும் எண்ணினாள், நூற்றுப் பதினான்கு டப்பாக்களையும் எண்ணினாள், இதை ஒருமுறைகூட எண்ணவில்லை. பயத்துக்கு ஒரே முகம் இருந்தது, சொந்தக்காரியின் முகம். மூன்று வண்டிகள். திருச்செங்கோட்டு வங்கி அதிகாரி ஞானசேகரன். எருமப்பட்டி டாக்டரம்மா எழிலரசி. போன மாதம் ஏற்காட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி எடுத்துப்போன ஜமாலுதீன். மூன்றிலும் கடைசி முறுக்கு. அவற்றில் கை இளகியதாக நினைவே இல்லை. நினைவே இல்லை என்பது எதற்கும் சாட்சி இல்லை. ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டே முக்கால், சைக்கிள் வைத்திருக்கிற யாரும் வீட்டில் இருக்கிற நேரம் இல்லை. "டவர் எங்க கிடைக்கும்?" என்றாள். "முப்பத்தொம்பதாம் வளைவுல ரெண்டு கோடு காட்டும். கீழ போற பஸ்ஸுக்கு இன்னும் முக்கா மணி ஆவும் அண்ணி, நான் வேணும்னா சைக்கிள்ல..." தெய்வானை அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, பாதி நடையும் பாதி ஓட்டமுமாக. திரும்புகிற லாரிகள் ஒலி எழுப்பின, அவள் ஒதுங்கினாள், உள்ளே மூன்று பெயர்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன, யாரை முதலில், யார் மேட்டில் இருப்பார்கள், யாருக்கு மலை, ஏற்காடு, ஜமாலுதீனை முதலில். முப்பத்தொன்பதாம் பலகையின் அடியில் இரண்டு கோடுகள் வந்தன. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஏழாவது மணியில் ஜமாலுதீன் எடுத்தார். காற்றின் இரைச்சல், அதற்குப் பின்னால் மூச்சு வாங்குகிற ஒரு குரல். "சொல்லுங்க்கா! வண்டியிலதான் இருக்கறேன், கொஞ்சம் மேடு, அப்பறமா பேசட்டுங்களா?"

"எறங்குங்க," என்றாள் தெய்வானை. "எதையும் தொடாதீங்க தம்பி. எறங்குங்க."